தேசிங்குக்குப் போட்ட கோட்டு

காலையில் பழனிவேல் போன் செய்தார். ஆவடி குவார்ட்டர்ஸ் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்பதால் சாவுச் செய்தி சொல்வதற்கென்றே அவரிடம் ஒரு குரல் உண்டு. அந்தக் குரலில், "நம்ம தேசிங்கு தவறிட்டார்" என்றார். முந்தின நாள் சாயங்காலம் மண்ணூர்பேட்டையில் தன் வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இவ்வளவையும் அரை நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டுப் பழனிவேல் போஸ்டர் விஷயத்துக்கு வந்தார். பெயருக்குக் கீழே பதவி என்ன போடலாம், வெறும் டர்னர் என்று போட்டால் சங்கத்துக்கு நன்றாக இருக்காதே என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். அதைச் சொல்லாமல், "உங்க இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். ஒரு தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும் சங்கம் இது. மண்ணூர்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்ச் சுவரில் கோட்டும் டையும் போட்ட ஒரு ஆசாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துக்கு மேலே மட்டும் தேசிங்கு. எங்கோ ஒரு குரூப் போட்டோவிலிருந்து தலையை வெட்டி எடுத்து, பூந்தமல்லி ஸ்டூடியோக்காரன் தன்னிடம் தயாராக இருந்த உடம்பில் ஒட்டியிருக்கிறான். கீழே 'சார்ஜ்மேன் (ஓய்வு)' என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே கண்ணீர் வடிப்பவர்களின் பட்டியல். அதில் இரண்டாவது பெயர் என்னுடையது.

அந்தப் பட்டியலில் இருக்கும் நீங்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள் என்பதால் நேராகவே சொல்கிறேன். தேசிங்கைப் 'பிழைக்கத் தெரியாத ஆள்' என்று சொல்லாதவர் நம்மில் ஒருவர்கூடக் கிடையாது. அவர் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தோம். அவர் லுங்கியைப் பார்த்துச் சிரித்தோம். உயிரோடு இருந்தவரை எதற்காகக் கேலி செய்தோமோ, செத்த பிறகு அதையெல்லாம் அழித்துவிட்டு நம்மைப் போல ஒரு ஆளாக மாற்றிச் சுவரில் ஒட்டினோம். சங்கத்தின் மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி பழனிவேல் கேட்டார். எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

நானும் தேசிங்கும் ஆவடி தொழிற்சாலையில், லேத்தில் இரும்பு கடைகிற டர்னர்களாக, ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரே பிளாக். அவர் கீழ் வீடு, நான் மேல் வீடு. குவார்ட்டர்ஸ் எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூர், தஞ்சாவூர், திருநெல்வேலி என்று எல்லா ஜில்லாவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வந்த ஆறு மாதத்தில் அத்தனை பேரும் சொந்த ஊர்ப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேச ஆரம்பித்தோம். நான் கோவில்பட்டிப் பக்கம். என் அம்மா ஊரிலிருந்து வந்தால், பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிரில் அவளை அதிகம் பேசவிடமாட்டேன். சொந்த அம்மாவை வாயை மூடி உட்காரவைத்த புண்ணியவான் நான்.

தேசிங்கு மட்டும் சொந்த ஊரான மண்ணூர்பேட்டையில் பேசிய பேச்சையே தொழிற்சாலையிலும் பேசினார், பெரிய அதிகாரியிடமும் பேசினார். ஒருமுறை என் அம்மா கிணற்றடியில் நிற்பது போல உரக்க என்னைக் கூப்பிட்டுவிட்டாள். நான் பதறி ஓடி ஜன்னலைச் சாத்தினேன். கீழே நின்றுகொண்டிருந்த தேசிங்கு நிமிர்ந்து பார்த்து, "இன்னாத்துக்கு மாமே சாத்தற? உங்கம்மா பேசறது சோக்கா கீது" என்றார். எனக்கு அவர்மேல் அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் இரண்டு பேருக்கும், டர்னர்களை மேற்பார்க்கிற சார்ஜ்மேனாகப் பதவி உயர்வு ஒரே சமயத்தில் வந்தது. நான் அன்றைக்கே லட்டு வாங்கி மூன்று பிளாக்குக்கும் கொடுத்தேன். தேசிங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதிகாரி நம்பவில்லை. கூப்பிட்டு விசாரித்தார், நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். பதவி உயர்வை மறுத்தால் சம்பளம் ஏறாது, கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விடுவார்கள், நாளைக்கு உன் ஜூனியர் உன்னை வேலை வாங்குவான் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். தேசிங்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சார், லேத்து முன்னால நின்னாதான் நா நானா கீறேன். அந்தக் கண்ணாடி ரூம்ல குந்திகினு நாலு பேர திட்டிட்டு ஊட்டுக்குப் போனா, போறது வேற எவனோ" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் இவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பங்களை உள்ளே விட்டார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பெண்டாட்டி பிள்ளைகள் நாம் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க முடியும். தேசிங்கு தன் லேத்துக்கு விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, மாலை சாத்தி, பெண் அமுதாவுக்கு ஒவ்வொரு பிடியாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அவள் ஒரு கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தாள். என் மகள் மீனாவுக்கு அப்போது பத்து வயது. கண்ணாடி அறைக்குள் வந்து என் மேஜையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், பிறகு, "அப்பா, உங்க மெஷின் எங்க?" என்று கேட்டாள். மேஜைமேல் பன்ச்சிங் மெஷின் ஒன்று இருந்தது. காகிதத்தில் ஓட்டை போடுவது. அதற்குத்தான் பொட்டு வைத்திருந்தேன்.

இனி ஆன்டெனா விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன் என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது; உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாத பாதிக்காகச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நம் குவார்ட்டர்ஸில் மொட்டை மாடியைப் பார்த்துத்தான் மனிதனை மதித்தார்கள். யார் வீட்டுக் கம்பி எவ்வளவு உயரம், எத்தனை குறுக்குக் குச்சி என்று பிள்ளைகள் எண்ணினார்கள். பெரியவர்கள் எண்ணாத மாதிரி எண்ணினோம். எனக்கு டிவி வாங்க வசதியில்லை. ஆனால் சார்ஜ்மேன் வீட்டு மாடி மொட்டையாக இருக்கலாமா? அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போய் ஆன்டெனாவை மட்டும் வாங்கி வந்தேன். டிவி வாங்காமல் ஆன்டெனா வாங்குகிற புத்தி குவார்ட்டர்ஸ்காரனுக்குத்தான் வரும். கடைக்காரனே இரண்டு தடவை கேட்டான்.

மாடியில் குழாயை நட்டு அதைப் பொருத்தித் தந்தவர் தேசிங்கு. ஸ்பேனரோடு வந்து, காற்றுக்கு ஆடாதபடி முறுக்கி, ஒயரை என் ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். ஒயர் முனையைக் கையில் பிடித்தபடி, "டிவி எங்க மாமே?" என்றார். அடுத்த வாரம் வருகிறது என்றேன். சரி என்று ஒயரைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது, டிவி வரவில்லை. அவர் திரும்பக் கேட்கவேயில்லை.

மற்றவர்கள் கேட்டார்கள். பழனிவேல் எதிர் பிளாக். அவர் வீட்டில் சின்னக் கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. நம்முடையது கலர் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். சத்தமே கேட்பதில்லையே என்றால், பெண்ணுக்குப் பரீட்சை, பூட்டி வைத்திருக்கிறோம் என்பேன். பரீட்சை முடிந்தால் பிக்சர் டியூப் போய்விட்டது என்பேன். என் மனைவி பார்வதி வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஒயருக்குப் பொட்டு வைக்காத குறைதான்.

இதில் மாட்டிக்கொண்டவள் மீனா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடுவார்கள். டிவி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பழனிவேல் வீட்டில் போய்த் தரையில் உட்கார்ந்து பார்க்கும். தேசிங்கின் பெண் அமுதா, கல்யாண வயதுப் பெண், கூச்சமில்லாமல் போய் உட்காருவாள். என் பெண் போக முடியாது. எங்கள் வீட்டில்தான் கலர் டிவி இருக்கிறதே. ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு, எதிர் பிளாக்கிலிருந்து வருகிற பாட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம், மூன்று பேரும். திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் கிளம்பும் முன் மீனா கீழ் வீட்டுக்கு ஓடுவாள். அமுதா அவளுக்குத் தலை பின்னிவிட்டபடியே முழுக் கதையையும் சொல்லி அனுப்புவாள். பள்ளியில் போய் மீனா தான் பார்த்ததாகச் சொல்லவேண்டும். பத்து வயதுக் குழந்தைக்கு நான் கற்றுக்கொடுத்த பாடம் அது. கீழ் வீட்டில் மூன்று பேருக்கும் எங்கள் வண்டவாளம் தெரிந்திருந்தது. ஒருவர் வாயிலிருந்தும் அது வெளியே வரவில்லை.

அமுதாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது பூந்தமல்லியிலிருந்து ஒரு இடம் வந்தது. பையனுக்கு அரசாங்க வேலை, அப்பாவும் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. கொண்டுவந்தவன் நான்தான். பெண்ணின் அப்பா என்ன வேலை என்று அவர்கள் கேட்டபோது சார்ஜ்மேன் என்று சொல்லிவைத்தேன். கொடுத்த பதவியை வேண்டாம் என்றவர் என்று சொன்னால் அவர்கள் ஓடிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. நல்லது செய்கிறோம் என்றே நினைத்தேன். நம்மைப் போன்றவர்கள் எப்போதும் அப்படித்தான் நினைக்கிறோம்.

பெண் பார்க்க வருகிற நாளில் நம் குவார்ட்டர்ஸில் சாமான்கள் வீடு விட்டு வீடு நடக்கும். ஒரு வீட்டு ஃபேன் இன்னொரு வீட்டில் சுற்றும். பழனிவேல் வீட்டுப் பச்சை ரெக்ஸின் சோபா போகாத வீடு இல்லை. கிழிந்த இடத்தில் எப்படித் துண்டு போட்டு மறைப்பது என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அந்தச் சனிக்கிழமை தேசிங்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவர் மனைவி கன்னியம்மாவின் சம்மதத்தோடு நாங்கள் வேலையைக் காட்டினோம். சோபா வந்தது. பழனிவேல் தன் டிவியைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி தூக்கிவந்தார். நான் என் பங்குக்கு ஆன்டெனா ஒயரைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஜன்னல் வழியாகக் கீழே இறக்கினேன். என் டிவிதான் ரிப்பேராயிற்றே, ஒயர் சும்மாதானே கிடக்கிறது என்றேன். மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தது. வாங்கி ஒன்பது மாதத்தில் அந்தக் கம்பியில் படம் தெரிந்தது அன்றைக்குத்தான். மீனா என் சட்டையை இழுத்து, "அப்பா, நம்ம ஆன்டெனா வேலை செய்யுது" என்று மெதுவாகச் சொன்னாள்.

தேசிங்கு வேலை முடிந்து வந்து வாசலிலேயே நின்றார். சோபாவைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். கன்னியம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். அவர் முகம் கழுவி, வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு வந்து, சோபாவை விட்டுவிட்டுத் தன் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது, அமுதா வந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். பையனுக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பையனின் அப்பா திருப்தியாகச் சாய்ந்துகொண்டு, படம் இவ்வளவு சுத்தமாகத் தெரிகிறதே, எந்தக் கம்பெனி ஆன்டெனா என்று தேசிங்கைப் பார்த்துக் கேட்டார்.

"தெர்லீங்க. ஆன்டெனா மேல் ஊட்டுக்காரர்து" என்றார் தேசிங்கு. பிறகு பழனிவேலைக் காட்டி, "டிவி இவர்து. நீங்க குந்திகினு கீற சோபாவும் இவர்து. இந்தப் பாய்தான் என்து."

பழனிவேல் சமாளிக்கப் பார்த்தார். எல்லாம் ஒரே குடும்பம் மாதிரிதான் என்று சிரித்துவிட்டு, என்னைக் காட்டி, இவர் வீட்டில் கலர் டிவியே இருக்கிறது என்றார். வந்தவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. அவரும் வாங்குவதாக இருக்கிறாராம், மேலே போய் ஒரு பார்வை பார்க்கலாமா என்று எழுந்தேவிட்டார். பார்வதி சமையலறைக்குள் மறைந்தாள். தேசிங்கு என்னைப் பார்த்தார், நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் சொல்லவில்லை.

"அவர் ஊட்ல டிவி இல்லீங்க. ஆன்டெனா மட்டும்தான் கீது" என்றார். குத்திக் காட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. மழை இல்லை, வெயில் அடிக்கிறது என்பது மாதிரி சொன்னார். அதே மூச்சில், "நா சார்ஜ்மேனும் இல்லீங்க. குட்தாங்க, நான்தான் வேணான்ட்டேன். டர்னர். கையில தொழில் கீது. பொண்ணு தங்கமான பொண்ணு. அவ்ளோதான் எங்க ஊட்ல கீது" என்றார்.

பையனின் அப்பா தட்டில் மிச்சமிருந்த கேசரியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்றார். பூந்தமல்லிக்கு ஒரே பஸ். அங்கே போய் லெட்டர் போடுவதாவது. லெட்டர் வரவில்லை.

அன்று சாயங்காலம் அமுதா அழுதது மேலே எங்களுக்குக் கேட்டது. கன்னியம்மா அவரைப் பேசாத பேச்சு இல்லை. பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டவன் என்று பிளாக் முழுக்கப் பேசினோம். பேசியவர்களில் முதல் ஆள் நான். கன்னியம்மா தூங்கப் போனதும் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மன்னிச்சிக்க மாமே. என் ஊட்டு நிஜத்த சொல்லிட்டு உன் ஊட்டு நிஜத்த மறைக்க எனுக்கு வர்ல" என்றார். நான் கதவைச் சாத்தினேன். ஆறு மாதம் அவரோடு பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டை விட்டு வெளியே தலைகாட்டக்கூடாது என்று நான் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். சாயங்காலம் படம் ஆரம்பிக்கிற நேரத்தில் மீனாவைக் காணவில்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். எதிர் பிளாக்கில் பழனிவேல் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பிள்ளைகளுக்கு நடுவே, முதல் வரிசையில், அமுதாவின் மடியில் சாய்ந்துகொண்டு என் பெண் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அழுது வீங்கிய கண்ணோடு அமுதாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதம் என் குழந்தையிடமிருந்து நான் பிடுங்கி வைத்திருந்தது எது என்று அப்போது தெரிந்தது. தெரிந்தும் நான் கீழ் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மானஸ்தன்.

ஆன்டெனாவைக் கழற்றி மாடி ஓரத்தில் எறிந்தேன். கொஞ்ச நாளில் அதைத் தேசிங்கு எடுத்துப்போய்த் தன் வீட்டுப் பின்பக்கம் நட்டு, பீர்க்கங்கொடியை ஏற்றிவிட்டார். மழைக்காலம் முடிந்ததும் அதன் ஒவ்வொரு குச்சியிலும் காய் தொங்கியது. நான்கு காயைப் பறித்து மீனா கையில் கொடுத்து அனுப்பினார். பார்வதி கூட்டு வைத்தாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே இறங்கிப்போய், உன் டிவியில் காய் நன்றாகத் தெரிகிறது என்றேன். ஆறு மாதச் சண்டை அதோடு முடிந்தது.

இரண்டு வருஷம் கழித்து வேப்பம்பட்டிலிருந்து ஒரு ரயில்வே தொழிலாளி தன் அக்காவோடு வந்து, பாயில் உட்கார்ந்து அமுதாவைப் பார்த்தான். அவன் ஒரு கேமரா வைத்திருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் மாமனாரைப் பின்பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தான். லுங்கி, கைவைத்த பனியன், தோளில் துண்டு, கையில் ஒரு பீர்க்கங்காய், பின்னால் ஆன்டெனா. தேசிங்கு ஒரு பிரதியை எனக்கும் கொடுத்தார். நான் அதைப் பழைய காகிதங்களுக்கு அடியில் போட்டுவைத்தேன். முகப்பேரில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோன பிறகும் அது வெளியே வரவில்லை. யாராவது பார்த்து, அது என்ன கம்பி என்று கேட்டுவிட்டால்?

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். மாலை போட்டுக் கோட்டுப் படத்தைத்தான் வைத்திருந்தார்கள். சங்கம் செய்து கொடுத்த பெரிய ஃபிரேம். அமுதா அதன் முன்னால் விளக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் நின்றாள். என் அருகில் வந்து, "யார மாமா கும்புடறேன்னே தெர்ல" என்றாள். பூந்தமல்லிக்காரர்கள் போன அன்றைக்கு நீ எவ்வளவு அழுதாய் என்று எதற்கோ நான் ஆரம்பித்தேன். அவள், "அழுதேன் மாமா. அப்பா மேல ஒரு மாசம் கோவமா இருந்தேன். அந்த ஊட்டுக்குப் போயிருந்தா தெனிக்கும் சார்ஜ்மேன் பொண்ணா நடிச்சிகினு இருந்திருப்பேன்" என்றாள்.

பையிலிருந்து அந்தப் பீர்க்கங்காய்ப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். கிளம்பும் முன் அரை மணி நேரம் யோசித்துத்தான் அதைப் பையில் வைத்திருந்தேன். அமுதா ஃபிரேமைத் திருப்பி, ஆணிகளை நகத்தாலேயே நெம்பி, கோட்டுக்காரரை வெளியே எடுத்தாள். லுங்கிக்காரரை உள்ளே வைத்தாள். ஃபிரேம் பெரிது, படம் சின்னது; நான்கு பக்கமும் வெள்ளை அட்டை தெரிந்தது. கன்னியம்மா பார்த்துவிட்டு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பழனிவேல் என்னைத் தனியாக அழைத்து, செத்தவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கேட்டார். அது அவருக்குச் செய்கிற மரியாதையா, நம் போஸ்டருக்குச் செய்கிற மரியாதையா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்தும் புரியப்போவதில்லை.

அந்தப் படத்துக்குப் பிரதி எடுத்து முகப்பேர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். போன வாரம் மீனாவின் மாமனார் வந்திருந்தார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. வந்தால் தன் மூத்த பையன் அமெரிக்காவில் வாங்கிய காரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். பதிலுக்கு நானும் என்னிடம் உள்ளதையும் இல்லாததையும் எடுத்துவிடுவேன். அன்று பேச்சின் நடுவே எழுந்துபோய்ப் படத்தைப் பார்த்தார். யார் இந்த ஆள், பின்னால் அது என்ன கம்பி என்று கேட்டார். பார்வதி காபி டம்ளரோடு அப்படியே நின்றாள். மீனா என் முகத்தைப் பார்த்தாள்.

"என் சிநேகிதர் தேசிங்கு. லேத் டர்னர். அது எங்க வீட்டு ஆன்டெனா" என்றேன். "அப்போ எங்க வீட்ல டிவி கிடையாது."

"பின்ன எதுக்கு ஆன்டெனா?"

"பந்தாவுக்கு" என்றேன்.

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்தார். மீனா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அதன்பிறகு காரைப் பற்றிய பேச்சே எழவில்லை.

தேசிங்கிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, வீட்டில் டிவி இல்லை என்கிற அந்த ஒரு வரிதான். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நொடி ஆனது, எனக்குப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று.

செயலாளர் கவனத்துக்கு: இதோடு ஒரு படம் இணைத்திருக்கிறேன். மலரில் இதைத்தான் போடவேண்டும். கீழே 'தேசிங்கு, டர்னர்' என்று மட்டும் இருந்தால் போதும். கோட்டுப் படத்தைப் போடுவதாக இருந்தால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எழுதியவர் பெயருக்குப் பின்னால் சார்ஜ்மேன் என்று சேர்க்காதீர்கள்.

அருணாசலம்
முகப்பேர்